பொட்டல் காத்தார் வேண்டுதல்

வேண்டுதல் என்று சொல்லியிருக்கவே கூடாது என்பது, சொல்லி வாயை மூடுவதற்குள் அரியமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் அவன் அம்மா கொளஞ்சியம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முறத்தைக் கீழே வைத்தால் விஷயத்தைக் கையில் எடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

"என்னடா வேண்டுதல்?"

"அதாம்மா, போன வருசம் கேம்ப்புல வயித்துவலி வந்து கெடந்தேன்ல. அப்ப வேண்டிக்கிட்டது. காரைப் பொட்டல்ல ஒரு ராத்திரி வந்து தங்குறேன்னு."

"நீ மட்டுமா?"

"கல்யாணம் ஆச்சுன்னா பொண்டாட்டியோட வந்து தங்குறேன்னு."

அம்மா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முறத்தில் கிடந்த உளுந்தைப் பார்த்தாள்.

"எந்தச் சாமிக்கு?"

இதை அவன் யோசிக்கவில்லை. பொய் சொல்லிப் பழகாதவர்களுக்கு இதுதான் தொல்லை. தலையை மட்டும் தயார் செய்துகொண்டு வந்து வாலுக்குத் தவிப்பார்கள்.

"பொட்டல்... காத்த சாமிக்கு," என்றான்.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தாய்மாமன் அமாவாசை எழுந்து உட்கார்ந்தார். "பொட்டல் காத்தாரா? பழைய சாமியாச்சே மாப்ள. எங்க தாத்தா அங்க கெடா வெட்டியிருக்காரு. நான் சின்னப் புள்ளையா இருக்கையில பாத்திருக்கேன்."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பிறந்த சாமிக்குத் தாத்தா காலத்துச் சாட்சி கிடைத்துவிட்டது. அரியமுத்து தலையாட்டினான். வேறு என்ன செய்வது.

இத்தனைக்கும் அவன் கேட்டது பெரிய விஷயமே இல்லை. தன் பெண்டாட்டியோடு கொஞ்ச நேரம் பேச வேண்டும். அவ்வளவுதான்.

பாறைகளை ஆராய்கிற ஒரு சர்க்கார் ஆபீசில் அரியமுத்து கலாசி. கூடாரம் அடிப்பது, பிரிப்பது, சுருட்டி லாரியில் ஏற்றுவது அவன் வேலை. மாதத்தில் இருபது நாள் பொட்டலிலும் கரட்டிலும் கிடப்பான். மிச்ச நாள் பாடாலூரில், இரண்டே அறையுள்ள வீட்டில், பதினோரு பேரில் ஒருவனாக இருப்பான். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், அப்பாவின் அக்கா சிந்தாமணி அத்தை, ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்ட அமாவாசை மாமா, பிறகு அவனும் செங்கமலமும்.

செங்கமலம் பூலாம்பாடிப் பெண். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. பெண்கள் ஓர் அறையில், ஆண்கள் வாசலில் என்று படுக்கை. இந்த ஆறு மாதத்தில் அவளும் அவனும் பேசிய பேச்சு எல்லாமே பாதியில் நின்றவை. "உங்களுக்கு என்ன கொழம்பு..." என்று அவள் ஆரம்பித்தால் அண்ணி வந்துவிடுவாள். "உனக்கு இங்க எல்லாம்..." என்று அவன் ஆரம்பித்தால் பிள்ளைகள் வந்துவிடும். பெரம்பலூருக்கு சினிமா பார்க்கக் கூட்டிப் போனான். கூட ஏழு பேர் வந்தார்கள். அவள் வரிசையில் அந்தக் கோடி, இவன் இந்தக் கோடி. படம் சோகமா சந்தோஷமா என்பதை அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று எட்டிப் பார்த்தால், நடுவில் மாமா முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார்.

இந்த நிலைமையில்தான் உத்தரவு வந்தது. வைகாசி கடைசியில் கேம்ப் மொத்தமும் லடாக்கு என்ற ஊருக்குப் போகிறது. திரும்பி வர ஐப்பசி ஆகிவிடும். "மலைமேல பாலைவனம்ப்பா. மழையும் கெடையாது, மரமும் கெடையாது. நம்ம காரைப் பொட்டலை அப்படியே தூக்கி ஆகாசத்துல வெச்ச மாதிரி இருக்கும்," என்றார் ஆபீசர்.

அதைக் கிணற்றடியில் செங்கமலத்திடம் சொன்னான். அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"அஞ்சு மாசமாங்க?"

"ம்."

"அங்க ராத்திரியில நீங்க எப்படி..." என்று அவள் கேட்கும்போது சிந்தாமணி அத்தை வாளியோடு வந்துவிட்டாள்.

எப்படி என்பதற்கு அப்புறம் என்ன கேட்க வந்தாள் என்று நாலு நாள் அவனுக்குத் தூக்கமே இல்லை. எப்படித் தூங்குவீங்க, எப்படிச் சாப்பிடுவீங்க, எப்படி என்னை விட்டுட்டு இருப்பீங்க. இதில் எதுவாக இருந்தாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறுவது என்று முடிவு செய்தான். காரைப் பொட்டலில் ஒரு சின்னக் கூடாரம் அடிப்பது, அவளைக் கூட்டிப் போய், பார் இப்படித்தான் இருப்பேன் என்று காட்டுவது, ஒரு ராத்திரி முழுக்கப் பேசுவது. ஆபீஸ் காகிதத்தில் ஜாபிதாகூட எழுதி வைத்திருந்தான்: இரண்டு பேர் கூடாரம் ஒன்று, முளை எட்டு, சுத்தி ஒன்று, அரிக்கேன் விளக்கு ஒன்று, தண்ணீர்ப் பை ஒன்று, சமுக்காளம் ஒன்று.

பெண்டாட்டியோடு தனியாகப் பொட்டலுக்குப் போகிறேன் என்று எந்தப் பிள்ளையாவது அம்மாவிடம் சொல்ல முடியுமா? அதனால்தான் அந்த வேண்டுதல்.

"வர்ற வெள்ளிக்கெழமை நெறஞ்ச நாளு," என்றாள் அம்மா. "எல்லாருமே போயிட்டு வந்துரலாம்."

"எல்லாருமா?"

"பின்ன? வேண்டுதல்னா தாய்மாமன் இல்லாமயா? கெடா வெட்டுறமோ இல்லியோ, ஒரு பொங்கலாவது வெக்க வேணாமா?"

அரியமுத்து அன்று முழுக்க யோசித்தான். ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரு வழி கிடைத்தது.

"அம்மா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்தச் சாமிக்குக் கூட்டம் ஆவாது. புருசன் பொண்டாட்டியா போனாத்தான் ஏத்துக்கும்."

"அப்படியா?" என்று அம்மா மாமாவைப் பார்த்தாள்.

"ஆமாக்கா. எங்க தாத்தாகூட பாட்டியோடதான் போவாரு," என்றார் மாமா. பொய்க்குத் துணை நிற்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. நானும் உங்கப்பாவும் ஒரு சோடி. பெரியவனும் கமலவேணியும் ஒரு சோடி. நீங்க ஒரு சோடி."

அண்ணி கமலவேணி வெடுக்கென்று நிமிர்ந்தாள். "நான் வரலிங்க அத்தை. இந்த வெயில்ல புள்ளைங்கள வெச்சிக்கிட்டு பொட்டல்ல என்ன பண்றது?"

அண்ணியின் காலில் விழலாம் போல இருந்தது அரியமுத்துவுக்கு.

"புள்ளைங்களும் வரட்டும். அதுகளப் பாத்துக்கத்தான் சிந்தாமணி அண்ணி வர்றாங்களே," என்றாள் அம்மா.

"நான் எப்பச் சொன்னேன்?" என்றாள் சிந்தாமணி அத்தை.

"இப்பச் சொல்லுங்க."

சிந்தாமணி அத்தை கட்டிய வீட்டில் நாலு பேரை அதட்டி வாழ்ந்தவள். ஆனாலும் கொளஞ்சியம்மாள் அந்தக் குரலில் பேசினால் மறுபேச்சு பேசமாட்டாள். "சரி, அம்மிக்கல்ல எடுத்துக்கிட்டு வரேன். தொவையல் இல்லாம எனக்கு எறங்காது," என்றாள்.

ஆக, இரண்டு பேர் போகிற இடத்துக்குப் பதினோரு பேரும் ஓர் அம்மிக்கல்லும் ஆயிற்று. செங்கமலம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கவும் இடமில்லை.

மறுநாள் அவன் தண்ணீரைக் கிளப்பினான்.

"பொட்டல்ல ஒரு பொட்டு தண்ணி கெடையாதும்மா. ரெண்டு பேருன்னா பையில எடுத்துக்கிட்டுப் போயிரலாம். பதினோரு பேருக்கு எங்க போறது? புள்ளைங்க வேற."

"அதுக்குத்தான் கண்ணையன் டிராக்டரச் சொல்லியாச்சே," என்றாள் அம்மா. "டிரைலர்ல ரெண்டு டிரம் தண்ணி ஏத்திரலாம். ஆளும் அதுலயே போயிரலாம்."

இவள் எப்போது போய் டிராக்டர் சொன்னாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. அவன் ஜாபிதா எழுதுகிற வேகத்தைவிட அவள் காரியம் செய்கிற வேகம் அதிகமாக இருந்தது.

"எல்லாரும் போயிட்டா வூட்ட யாரு பாத்துக்கறது? அடுப்படிக் கதவுக்குத் தாப்பாகூட சரியில்ல."

"வூட்டப் பத்தி உனக்கென்ன கவலை. அத நான் பாத்துக்கறேன்."

இனி மிச்சமிருந்தது கூடாரம் ஒன்றுதான். கூடாரம் சர்க்காருடையது; ஆபீசர் மனசு வைத்தால்தான் கிடைக்கும். இரண்டு பேர் கூடாரம்தான் தர முடியும் என்று ஆபீசர் கறாராகச் சொல்லிவிட்டால் அம்மாவால்கூட ஒன்றும் செய்ய முடியாது. அரியமுத்து சைக்கிளை மிதித்துக்கொண்டு கேம்ப்புக்குப் போனான்.

"சார், ஒரு உதவி. எங்க வூட்லேருந்து யாராச்சும் வந்து பெரிய டெண்ட் கேட்டா, இல்லேன்னு சொல்லிரணும்."

ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா அப்படிச் சொல்ற? உங்க மாமா காலையிலேயே வந்துட்டாரே. பொட்டல் காத்தார் கதையை ரெண்டு மணி நேரம் சொன்னாரு. எனக்கே மெய் சிலிர்த்துப்போச்சு. மெஸ் டெண்டை எடுத்துக்குங்கன்னு எழுதிக் கொடுத்துட்டேன். இருபது பேர் படுக்கலாம்."

"இருபது பேரா சார்?"

"உங்கம்மாதான் அனுப்பிச்சாங்களாம். மனுஷனுக்குக் குடும்பம்தாம்ப்பா முக்கியம். அஞ்சு மாசம் பாக்க முடியாதில்ல." அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது. அவரும் அஞ்சு மாதம் குடும்பத்தைப் பிரிகிறவர்தானே. அரியமுத்துவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கும்பிடு போட்டுவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை மாலை மாமா கடைசி நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். டிரைலரில் ஏறினால் குலுங்கும், தான் வீட்டிலேயே கிடக்கிறேன் என்றார். அரியமுத்துவுக்கு ஓர் ஆள் குறைந்தது என்று ஆறுதல். அம்மா விடவில்லை.

"சாய்வு நாற்காலியத் தூக்கி டிரைலர்ல போடச் சொல்றேன். அதுல படுத்துக்கிட்டு வா."

"அக்கா, எனக்கு நெசமாவே வலிக்குது."

"பொட்டல் காத்தாருகிட்ட சொல்லு, சரியாப்போயிரும். நீதான் அவர நேர்ல பாத்தவனாச்சே."

மாமா முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டார். தன் தாத்தாவே தன்னைக் காலை வாரிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அம்மாவின் மேல் அரியமுத்துவுக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்து வந்தன. சின்ன வயசில் அவன் பசியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். அந்த அம்மாவுக்கு இப்போது கண் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தான். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு டிராக்டர் கிளம்பியது. பதினோரு பேர், மெஸ் கூடாரம், இரண்டு டிரம் தண்ணீர், அம்மிக்கல், சாய்வு நாற்காலி, பொங்கல் பானை, அப்பாவின் டிரான்சிஸ்டர். பாடாலூர்க் கடைத்தெருவில் ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போகிறீர்களா என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

பொட்டல் அன்று அழகாகத்தான் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பும் வெளுப்புமாய் மண்மேடுகள். மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட ஓடைகள். ஒரு மரம் கிடையாது. இதைத்தான் அவளுக்குக் காட்ட ஆசைப்பட்டான். செங்கமலம் டிரைலரிலிருந்து இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

அவன் மெதுவாகப் பக்கத்தில் போனான். "இதே மாதிரிதான் அங்கயும்..."

"அரியமுத்து, முளைய அடி. காத்து வருது," என்றார் அப்பா.

மெஸ் கூடாரத்தைத் தனியாளாக அடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அடித்து முடித்து நிமிர்வதற்குள் உள்ளே இடம் பிடித்துவிட்டார்கள். நடுவில் அத்தையின் அம்மிக்கல். வாசலில் மாமாவின் சாய்வு நாற்காலி. அண்ணி ஒரு கயிற்றில் பிள்ளைகளின் துணியைத் தொங்கவிட்டிருந்தாள். மலைமேல் கொண்டுபோய் வைத்தாலும் இந்தக் குடும்பம் அரை மணியில் அதைப் பாடாலூர் வீடாக்கிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.

"சாமி எங்கடா?" என்றாள் அம்மா.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மாமாவைப் பார்த்தான். மாமா வானத்தைப் பார்த்தார்.

அரியமுத்து ஓர் ஓடையில் இறங்கி நடந்தான். அந்தப் பொட்டலில் கல்லாய்ப்போன நத்தையும் சிப்பியும் அள்ள அள்ளக் கிடைக்கும். அதைத் தேடித்தான் ஆபீசே வந்திருக்கிறது. வண்டிச் சக்கரத்தின் குடம் அளவுக்கு, சுருண்டு சுருண்டு இருந்த ஒரு நத்தைக் கல் பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. பயபக்தியோடு கையைக் காட்டினான்.

"இதேதான்," என்றார் மாமா, சாய்வு நாற்காலியில் இருந்தபடியே. "அப்படியே இருக்காரு. ஒரு மாத்தமும் இல்ல."

அத்தை மஞ்சள் பூசினாள். அண்ணி குங்குமம் வைத்தாள். பிள்ளைகள் விழுந்து கும்பிட்டன. எல்லோரும் பொங்கல் பானைப் பக்கம் போனபின் அரியமுத்து மட்டும் கல்லின் முன்னால் நின்றான். இது நத்தை என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் கண்ணை மூடினான்.

'நீ யாரோ எனக்குத் தெரியாது. பொய் சொன்னது தப்புதான். அவ என்னமோ கேக்க வந்தா. அத முழுசா கேக்குற வரைக்கும் யாரும் வராமப் பாத்துக்க. வேற ஒண்ணும் வேணாம்.' இதுதான் உண்மையில் அவனுடைய முதல் வேண்டுதல்.

கண்ணைத் திறந்தால் அம்மா நின்றிருந்தாள்.

"வெல்லத்த மறந்துட்டு வந்துட்டேன்டா. பொங்கல் வெக்க முடியாது. டிராக்டர எடுத்துக்கிட்டுப் போயி எடுத்துக்கிட்டு வந்துரு."

"இங்கேருந்து பாடாலூருக்கா? கண்ணையன் போனா பத்தாதா?"

"கண்ணையனுக்கு நம்ம அடுப்படி தெரியுமா? உனக்கும் தெரியாது. செங்கமலம்தான் எடுத்து வெச்சா. அவளையும் கூட்டிக்கிட்டுப் போ. இந்தா சாவி."

அரியமுத்துவுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. ஆறு நாள் திட்டம் போட்டு, ஒரு சாமியையே உண்டாக்கி, கடைசியில் கிடைத்தது வெல்லம் எடுத்து வருகிற வேலை.

சரி, டிரைலரிலாவது பேசலாம் என்று பார்த்தான். காலி டிரைலர் மண்பாதையில் கடகடவென்று ஆடிய ஆட்டத்தில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"அன்னிக்கு கெணத்தடியில என்ன கேக்க வந்தே?" என்று கத்தினான்.

"என்னது?" என்று கத்தினாள் செங்கமலம்.

"கெணத்தடியில!"

"வெல்லம் பரண் மேல இருக்குங்க!"

ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அவள் சட்டென்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளம் தாண்டியும் விடவில்லை. அவள் சிரிக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் தன் பெண்டாட்டி சிரித்து அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதையும் ஒரு டிராக்டர் விழுங்கிவிட்டதே என்று ஆற்றாமையாக இருந்தது.

பாடாலூர் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளே டிரான்சிஸ்டர் சத்தம் இல்லை, பிள்ளைகள் சத்தம் இல்லை, அத்தை அதட்டுகிற சத்தம் இல்லை. அந்த வாசலை அரியமுத்து அப்படிப் பார்த்ததே கிடையாது. இருவரும் இறங்கினார்கள். செங்கமலம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தாள்.

பின்னால் கண்ணையன் இன்ஜினை நிறுத்தாமலே டிராக்டரை வந்த வழிக்குத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"இருப்பா கண்ணையா, எங்க போற? அஞ்சு நிமிசத்துல வெல்லத்த எடுத்துக்கிட்டு வந்துடறோம்."

கண்ணையன் அவன் முகத்தைப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"வெல்லமெல்லாம் அம்மா மடியிலயே இருக்குண்ணே, தன்னையும் சேத்து ஒம்பது பேரையும் இந்த வூட்ட விட்டுக் கெளப்ப ஒரு சாக்கு கெடைக்காதான்னு ஆறு மாசமா தவிச்சிக்கிட்டு இருந்தாங்களாம், நீங்க வேண்டுதல்னு சொன்ன அன்னிக்கு மத்தியானமே என்கிட்ட வந்து, உங்க ரெண்டு பேரையும் இங்க எறக்கிட்டு நாளைக்கு வெயிலேறினப்புறம்தான் அவங்களக் கொண்டாந்து விடணும்னு சொல்லிட்டாங்க."